பெண்ணைக் கரைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் பக்கம் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் வந்த பிறகு, இடர் மதிப்பீடு, தகவமைப்புத் திட்டம் என்று புதிய வேலைகள் வந்திருக்கின்றன. அந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து, "ஐயா, எதை முதலில் பார்க்கணும்?" என்று கேட்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். தென்பெண்ணையை வைத்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஆறு அதுதான். எல்லை தாண்டி வரும் ஆபத்து என்றால் என்ன என்பதையும் 2024 டிசம்பரில் அதுதான் நமக்குக் காட்டியது.

1. உங்கள் ஊருக்கு மேலே யார், கீழே யார் என்று முதலில் எழுதுங்கள்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. பெங்களூரின் கிழக்கோரமாக இறங்கி ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, தருமபுரி மாவட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை. அதற்குப் பிறகுதான் திருக்கோவிலூர் அணைக்கட்டு, எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு எல்லாம். கடைசியில் ஒரு பக்கம் கடலூர், இன்னொரு பக்கம் புதுச்சேரியின் பாகூர் என்று ஓரமாகப் போய்க் கடலில் சேருகிறது. இரண்டு மாநிலம், ஒரு யூனியன் பிரதேசம், அரை டஜனுக்குமேல் மாவட்டங்கள்.

நம் கண்டாச்சிபுரம் வட்டத்தின் தெற்கு விளிம்பில் அரகண்டநல்லூர். எதிர்க்கரையில் திருக்கோவிலூர். பாலத்தில் நடந்தே கடக்கலாம். சந்தைக்கு இங்கே வருவார்கள், கோயிலுக்கு நாம் அங்கே போவோம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து அந்தப் பாலத்தின் இரண்டு முனையும் இரண்டு கலெக்டர்களுக்குச் சொந்தம். பேரிடர் திட்டமும் இரண்டு. வெள்ளம் மட்டும் ஒன்று. இதை உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான மாவட்டத் திட்டங்களில் படம் மாவட்ட எல்லையோடு முடிந்து, அதற்கு அப்பால் வெள்ளைத் தாளாக இருக்கும். ஆபத்து அந்த வெள்ளைத் தாளிலிருந்துதான் வருகிறது.

2. மேலே பெய்யும் மழையை நம் மழையாக எண்ணிக் கணக்குப் போடுங்கள்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியிலும் நம் மயிலத்திலும் ஒரே நாளில் அரை மீட்டர் உயரத்துக்குப் பெய்தது. அதோடு முடிந்தது என்று மக்கள் நினைத்திருந்தபோது, அது மெல்ல மேற்கே நகர்ந்து டிசம்பர் 1 இரவு கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரைக் கொட்டியது. அரூரில் 33.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாறும் அரூர்ப் பக்கத்து வாணியாறும் பெண்ணையில் சேருவது கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, சாத்தனூருக்கு மேலே. கிருஷ்ணகிரி அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த இரவில் வரப்போவது தெரிந்திருக்காது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஒரு சதுர கிலோமீட்டரில் 50 செ.மீ. மழை பெய்தால் ஐந்து லட்சம் கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 1.77 கோடி கன அடி. மண் குடித்தது, ஏரி குளத்தில் தங்கியது போகப் பாதி ஓடி வந்தால்கூட, 830 சதுர கிலோமீட்டரில் பெய்த மழை வெறும் அணையை விளிம்பு வரை நிரப்பிவிடும். அணையின் நீர்ப்பிடிப்புப் பரப்போ பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வெளியேறியது. அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு முழு அணை காலியாகும். "அணை இருக்கிறதே, தாங்கும்" என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். அணை தாங்கும் வெள்ளம் உண்டு, தாங்காத வெள்ளமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இடர் மதிப்பீடு.

ஊத்தங்கரை, அரூர், தண்டராம்பட்டு, திருவண்ணாமலை, மணலூர்ப்பேட்டை. இந்த ஊர்களின் மழையளவு உங்கள் மேசைக்குத் தினமும் வரவேண்டும். விழுப்புரத்து மழைமானி மட்டும் போதாது. சாத்தனூருக்குக் கீழே துரிஞ்சலாறு வேறு வந்து சேருகிறது. அது அணையின் கணக்கிலேயே வராது.

3. எச்சரிக்கை கொடுத்தோமா என்பதோடு நிற்காதீர்கள். யார் காதில் விழுந்தது என்று கேளுங்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு, ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு வரவில்லை என்றார்கள் கரையோர மக்கள் பலர். சட்டமன்றம் வரை அந்தச் சண்டை போனது. அதில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. புதிதாக வருபவர்கள் பார்க்கவேண்டியது அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை. அணையிலிருந்து கலெக்டர் அலுவலகம், அங்கிருந்து தாசில்தார், அங்கிருந்து வி.ஏ.ஓ., அங்கிருந்து தலையாரி என்று செய்தி இறங்குகிறது. எல்லை தாண்டும்போது அதே ஏணியில் மேலே ஏறி, பக்கத்து மாவட்டத்தின் ஏணியில் மறுபடி இறங்கவேண்டும். தண்ணீருக்கு அப்படி ஏறி இறங்கும் வேலை இல்லை.

செய்தியின் சொல்லிலும் கோளாறு இருக்கிறது. "விநாடிக்கு 1,68,000 கன அடி உபரி நீர் திறக்கப்படுவதால் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்." அரகண்டநல்லூரில் ஆற்றோரம் குடியிருக்கும் அம்மாவுக்கு இதில் என்ன தெரியும்? தன் வீடு தாழ்வான பகுதியா என்றே தெரியாது. எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெருவரை வரும், முழங்காலா இடுப்பா, மாட்டை எங்கே கட்டுவது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டும். அதற்கு முன்வேலை தேவை. 2024-இல் தண்ணீர் நின்ற உயரம் சுவர்களில் இன்னும் சில இடங்களில் கறையாகத் தெரிகிறது. அது வெள்ளையடித்து மறைவதற்குள் போய் அளந்து, கோயில் மதிலிலும் பள்ளிச் சுவரிலும் மின்கம்பத்திலும் பெயிண்டால் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். சாத்தனூரில் இத்தனை திறந்தால் இந்தக் கோடு என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ "மஞ்சள் கோடு வரைக்கும் வரும்" என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும்.

இதே கோட்டை எதிர்க்கரையில் திருக்கோவிலூரிலும் அதே நிறத்தில் போடச் சொல்லுங்கள். இந்தக் கரையில் மஞ்சள், அந்தக் கரையில் சிவப்பு என்று வைத்தால் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவன் குழம்பிப்போவான்.

4. பங்கு வழக்கையும் வெள்ளச் செய்தியையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

பெண்ணையாற்று நீர் பற்றி 1892-இல் மதராஸும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. மார்க்கண்டேய நதியில் யார்கோளில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் நமக்கு நியாயம் உண்டு என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது வறட்சிக் காலத்துத் தண்ணீரைப் பற்றியது. வெள்ளச் செய்தியைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் அது தடையாக இருக்கக் கூடாது.

உலகத்தைப் பாருங்கள். சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் வரும் என்ற நிலை வந்தபோது, இஸ்லாமாபாத்தில் உள்ள நம் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை போனது. போர் மூண்டு அடங்கி நான்கு மாதம்கூட முழுதாக ஓடியிருக்கவில்லை. மீகாங் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சீனா, ஆற்று ஆணையத்தில் உறுப்பினர் இல்லை. ஆனாலும் மழைக்கால நீர்மட்ட விவரத்தை 2002-இல் தரத் தொடங்கி, 2020-இல் ஆண்டு முழுவதற்குமாக ஒத்துக்கொண்டது. பகை நாடுகளே செய்வதை ஓசூரும் பெங்களூரும் செய்ய முடியாதா?

புயல் விஷயத்தில் நாமே முன்மாதிரி. டெல்லியில் உள்ள வானிலைத் துறையின் மண்டல மையம் வங்கக் கடல், அரபிக்கடலைச் சுற்றியுள்ள 13 நாடுகளுக்குப் புயல் எச்சரிக்கை தருகிறது. ஃபெஞ்சல் என்ற பெயரே சவுதி அரேபியா கொடுத்த பெயர். அந்தப் புயல் நம்மிடம் வருமுன் இலங்கையின் கிழக்கை மூழ்கடித்தது. அம்பாறை மாவட்டம் காரைதீவில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற டிராக்டர் கவிழ்ந்து மதரஸா மாணவர்கள் பலியானார்கள். அது நடந்தது நவம்பர் 26-ஆம் தேதி. இலங்கையின் கிழக்கில் என்ன நடக்கிறது என்று நம் அலுவலகங்களில் யாராவது ஒருவர் தினமும் படிக்கவேண்டும். பல சமயம் அதே மேகம்தான் இரண்டு நாள் கழித்து நம் தலைக்கு மேல் வருகிறது.

5. வரைபடங்களைத் தரையில் விரித்து ஒட்டுங்கள்.

இது என் துறை வேலை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு கிராமத்தின் புல வரைபடத்தை எடுங்கள். ஓடை இரண்டு கோடாக வரும். ஊர் எல்லைக் கல்லோடு அந்தக் கோடுகள் நின்றுவிடும். அதற்கு அப்பால் அடுத்த ஊரின் பெயர் மட்டும் இருக்கும். அடுத்த ஊரின் படத்தை எடுத்தால் அதே ஓடைக்கு வேறு சர்வே எண். சில இடங்களில் அகலமும் வேறு. ஓர் ஊர் அ-பதிவேட்டில் அது ஓடைப் புறம்போக்கு. பக்கத்து ஊரில் அதன் தொடர்ச்சி எப்போதோ தரிசாக மாறி, இன்று அதன்மேல் வீடு நிற்கிறது. தண்ணீர் மேல் ஊரிலிருந்து அகலமாக வந்து கீழ் ஊர் எல்லையில் முட்டி நிற்கும். எந்தத் தனி ஊர்ப் படத்தைப் பார்த்தாலும் இந்தத் தவறு தெரியாது. இரண்டையும் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நம் பக்கத்து ஏரிகள் சங்கிலி ஏரிகள். மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. ஒரு கரை உடைந்தால் அடுத்தடுத்து உடையும். நந்தன் கால்வாயைப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரிந்து, வழியில் ஏரிகளை நிரப்பிக்கொண்டு, நம் மாவட்டத்துப் பனமலை ஏரியில் முடிகிறது. தலை ஒரு மாவட்டம், வால் ஒரு மாவட்டம். தலைமதகை எப்போது மூடுவது என்பதைப் பனமலையில் இருப்பவர்களும் தெரிந்திருக்கவேண்டும். மழை பெய்யும்போது அந்த மதகைத் திறந்துவிட்டு யாரும் நனையாமல் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அதற்கு ஒரு பொது ஏற்பாடு செய்வது உங்கள் காலத்து வேலை.

ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்ட பழைய நீர்க்கட்டிகள் இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். எந்த ஏரி முதலில் நிரம்பும், எந்தக் கரை எந்த இடத்தில் கசியும், எந்த ஊர்க்காரர்கள் ராத்திரியில் வந்து கலங்கலில் கல்லடுக்கி உயர்த்துவார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். செயற்கைக்கோள் படத்தோடு அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

6. "நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை" என்று எழுதாதீர்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. 2024-இல் மயிலமும் ஊத்தங்கரையும். பழைய பதிவேட்டின் சராசரியை வைத்துப் பாலத்துக்கும் மதகுக்கும் அளவு போடும் காலம் முடிந்துவிட்டது. கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. அது ஒரே இடத்தில் நின்று கொட்டுகிறது. மோசமான நிலையையும் அதைவிட மோசமான நிலையையும் தனித்தனியே எழுதி, இரண்டிலும் யார் வீட்டுக்குத் தண்ணீர் போகும் என்று சொல்லுங்கள்.

7. ஒரு கரையில் கட்டும் முன் எதிர்க்கரையைக் கேளுங்கள்.

விழுப்புரம் மாவட்டம் தளவானூருக்கும் கடலூர் மாவட்டம் ஏனாதிரிமங்கலத்துக்கும் இடையே, 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2020-இல் கட்டிய தடுப்பணை, 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் இன்னும் சேதமாகி, பிறகு வெடி வைத்து அகற்றவேண்டி வந்தது. எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் அதே நவம்பரில் உடைந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்த பாலம் 2024 செப்டம்பரில் திறந்து, டிசம்பரில் அடித்துக்கொண்டு போனது.

கட்டியவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எந்த அளவு வெள்ளத்துக்கு இதை வடிவமைத்தார்கள்? அந்த அளவு எந்த ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது? மேலே இருக்கும் அணையின் அதிகபட்ச வெளியேற்றத்தோடு அதை ஒப்பிட்டார்களா? கரையை உயர்த்தினாலும் இதே கேள்விதான். இந்தக் கரையில் ஐந்தடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரைக்குப் போகும். நம் ஊர் பிழைத்தது என்று சந்தோஷப்படுவதற்குள் அந்த ஊர் முழுகியிருக்கும். இதைப் பாதுகாப்பு என்று எழுதக் கை கூசவேண்டும்.

8. இழப்பை எல்லோரும் ஒரே படிவத்தில் எண்ணட்டும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று தமிழ்நாடு அறிவித்தது. புதுச்சேரி குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்றது. நெல்லுக்கு இங்கே எக்டேருக்கு 17,000, அங்கே 30,000. நம் மாவட்டமும் புதுச்சேரியும் வரப்புக்கு வரப்பு பின்னிக் கிடக்கும் நிலம். ஒரே மழை, ஒரே நெல், வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. தொகையை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. எண்ணும் முறையை ஒன்றாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது, மணல் எத்தனை அங்குலம் மூடியது, குத்தகைக்காரர் யார். அடங்கலில் பட்டாதாரர் பெயர் இருக்கும். உழுதவன் பெயர் பல இடங்களில் இருக்காது. எல்லையின் இரு பக்கமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிந்தால்தான், இந்த ஆற்றுப் படுகை முழுவதும் என்ன இழந்தது என்று டெல்லியில் ஒரே தாளாக வைக்க முடியும். இன்று தனித்தனித் தாள்கள் போகின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

9. கோடையிலும் ஆற்றைப் போய்ப் பாருங்கள்.

வெள்ளம் வந்தால் எல்லோரும் வருவார்கள். ஏப்ரலில் பெண்ணை மணலாகக் கிடக்கும்போதும் மேலே இருப்பவர்கள் செய்வது நம்மைத் தொடுகிறது. பெங்களூரின் கழிவு கலந்து கெலவரப்பள்ளியில் நுரை மலைபோல் எழும்பும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றும் திட்டமும் 2018 முதல் நடக்கிறது. கோடையில் எவ்வளவு தண்ணீர் வரும், என்ன தரத்தில் வரும் என்ற கணக்கு இதனாலெல்லாம் மாறுகிறது. வறட்சி மதிப்பீட்டில் இதைச் சேர்க்காமல் வெறும் மழையை மட்டும் வைத்து எழுதினால் அது அரைக் கணக்கு.

10. நாமும் ஒருவருக்கு மேலே இருக்கிறோம்.

இதுவரை மேலே இருப்பவர்களிடம் கேட்கவேண்டியதைச் சொன்னேன். வீடூர் அணை நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதைத் திறந்தால் சங்கராபரணி வழியே வில்லியனூர்ப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது. பெண்ணையில் நம்மைக் கடந்து போன வெள்ளம் 2024-இல் பாகூர் கிராமங்களுக்குள் புகுந்தது. சாத்தனூர்க்காரர் ராத்திரியில் நமக்குச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், அதே ராத்திரியில் பாகூருக்குச் சொன்னோமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அங்கே கலெக்டர் வேறு, அரசு வேறு என்பது பதில் ஆகாது.

ஆடி மாதத்தில், ஆறு வற்றியிருக்கும்போது, நான்கைந்து மாவட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து சாத்தனூரிலிருந்து பாகூர் வரை கரையோரமாகப் போய் வாருங்கள். அணையில் ஷட்டரை இயக்குபவர், திருக்கோவிலூர் அணைக்கட்டில் இருப்பவர், எல்லீஸ் சத்திரத்தில் இருப்பவர், பாகூர் தாசில்தார் அலுவலகத்தில் இரவுப் பணியில் இருப்பவர் என்று ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசிவிட்டு எண்ணை வாங்குங்கள். பதவியின் எண்ணோடு ஆளின் சொந்த எண்ணும் வேண்டும். மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவரின் எண்ணைத் தந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முகம் பார்த்துப் பழகியவர் கூப்பிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் எல்லா எண்ணுக்கும் ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணை அன்றே மாற்றி, புதிய பட்டியலை மேலே ஊத்தங்கரைக்கும் கீழே பாகூருக்கும் அனுப்பிவையுங்கள்.